சத்துவாச்சாரியில் பெயர்ப்பலகை இல்லாத பென்ஷன் ரெக்கார்ட்ஸ் கடை

கடைக்குப் பெயர் கிடையாது, அதனால் ஏன் பெயர் போடவில்லை என்று யாரும் கேட்காதீர்கள். ஷட்டருக்கு மேலே ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும், அதிலும் லேமினேஷன் பாதி உதிர்ந்துவிட்டது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி, பென்ஷன் பேப்பர் பார்க்கிற மிலிட்டரிக்காரர் கடை எது என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டிவிடுவார்கள். நான் மூன்று தடவை போனேன். மூன்றுக்கும் சேர்த்து அவருக்குக் கொடுத்தது 480 ரூபாய். பஸ், டீ, நோட்டரி எல்லாம் தனி. போனதில் வருத்தமில்லை. ஆனால் எல்லா வேலைக்கும் அங்கே போங்கள் என்று சொல்ல மாட்டேன்.

நான் 1984-ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து, 26 வருஷம் கழித்து 2010-ல் ஜூனியர் வாரண்ட் ஆபீசராக வெளியே வந்தவன். என்ஜின் ஃபிட்டர். தாம்பரத்தில் டிரேடு, அதாவது தொழில் பிரிவுப் படிப்பு, அப்புறம் சர்வீசில் முக்கால்வாசி மிக்-21 போர் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே. சொந்த ஊர் ஆற்காட்டுக்குத் தெற்கே. ஊரில் எனக்கும் மிலிட்டரிக்காரர் என்றுதான் பெயர், ஏர்ஃபோர்ஸ் வேறு மிலிட்டரி வேறு என்று சொல்லிப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டேன்.

கடைக்குப் போன காரணம் ஸ்பார்ஷ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பு பெரும்பாலும் வங்கிகள்தான் எங்கள் பென்ஷனைக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன, 2021-லிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பார்ஷ் என்ற ஒரே அமைப்புக்கு மாறியது. மாறிய பிறகு ஒவ்வொருவரும் தன் விவரங்களைத் திறந்து பார்த்து, சரி என்றால் சரி, தப்பென்றால் தப்பு என்று பதிவு செய்ய வேண்டும். பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தபோது அவன் போனில் திறந்தான். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள், "அப்பா, விஜயா யாரு?" என்று கேட்டான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

என் மனைவி பெயர் விஜயலட்சுமி. 1992-ல் கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்து யூனிட்டுக்குத் திரும்பியதும், ஆர்டர்லி ரூம் என்கிற யூனிட் ஆபீசில் படிவம் நீட்டினார்கள். வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற பெயரை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். விமானப்படையில் கல்யாணமோ குழந்தை பிறப்போ போஸ்டிங்கோ எதுவானாலும் யூனிட் அதை பி.ஓ.ஆர். என்று வெளியிடும், அது டில்லி சுப்ரோதோ பார்க்கில் இருக்கிற ரெக்கார்டு ஆபீசுக்குப் போய் நம் ஃபைலில் ஏறும். நான் எழுதிய விஜயா அப்படி ஏறி உட்கார்ந்தவள், முப்பது வருஷத்துக்கு மேல் இறங்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான். ஒரு வருஷம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு என் பேட்ச்காரர் ஒருவர் தவறினார், அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்க மாதக்கணக்கில் இழுத்தது, காரணம் பெயரில் ஓர் எழுத்து. காரியத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாளே வேலூர் பஸ் ஏறினேன்.

கடைக்காரரும் நம்ம ஆள்தான். சார்ஜென்ட்டாக வெளியே வந்தவர், கிளர்க் ஜி.டி. டிரேடு. அதைத்தான் பிறகு அட்மின் அசிஸ்டன்ட் என்றார்கள். கொஞ்ச காலம் ரெக்கார்டு ஆபீசிலேயே வேலை பார்த்தவர். உள்ளே நுழைந்ததும் பெயர் கேட்கவில்லை. "சர்வீஸ் நம்பர்?" என்றார். ஆறு எண், ஓர் எழுத்து, மூச்சு விடாமல் சொன்னேன். "போன் நம்பர்?" என்றார். அதற்கு போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் வேலை செய்கிற விதம்தான் இந்தக் கடையின் சரக்கு. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நீளமான கணக்குத் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுகிறார்: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார், பேங்க் பாஸ்புக். பக்கவாட்டில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, ரேங்க், டிரேடு, குரூப், மனைவி பெயர், விலாசம். ஒவ்வொன்றையும் நான்கு காகிதத்திலும் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, ஒத்துவராத இடத்தில் சிவப்பு வட்டம் போடுகிறார். இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு நான்கு வட்டம் விழுந்தது. என் பெயருக்கு ஒன்று, சர்வீஸ் ரெக்கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை என் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள், ஆதாரில் வெறும் இனிஷியல்தான். தமிழ்நாட்டுக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. மனைவி பெயருக்கு ஒன்று. டிரேடுக்கு ஒன்று, ஒரு காகிதத்தில் என்ஜின் ஃபிட்டர், இன்னொன்றில் அதன் புதுப் பெயரான புரொபல்ஷன் ஃபிட்டர். கடைசியாக மாவட்டம்.

மாவட்ட வட்டத்தைப் பார்த்து நான்தான் அதிகம் பயந்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் வட ஆற்காடு, பாஸ்புக்கில் வேலூர், ஆதாரில் ராணிப்பேட்டை. நான் சேரும்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, அது பிறகு வேலூராகி, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனியாகப் போயின. நான் ஒரே வீட்டில்தான் இருக்கிறேன், மாவட்டம்தான் போஸ்டிங் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "அதைப் பிரிச்சது கவர்மென்ட்டு, நீங்க இல்ல. இப்ப இருக்கிற விலாசத்தை மட்டும் மாத்தினா போதும்" என்று அந்த வட்டத்தை அடித்துவிட்டார். முன்பு வேறொரு பிரவுசிங் சென்டரில் இதற்கென்றே தாசில்தார் சான்று, அது இது என்று 1,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். எது திருத்த வேண்டிய தப்பு, எது விட்டுவிட வேண்டிய தப்பு என்று தெரிந்த ஆளுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

டிரேடு வட்டத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். பெயர் மாறியிருப்பதில் அவருக்குக் கவலையில்லை, குரூப் எக்ஸ் என்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை விமானப்படை நண்பர்கள் கவனமாகப் படியுங்கள். டெக்னிக்கல் டிரேடுகள் பெரும்பாலும் எக்ஸ் குரூப், மற்றவை ஒய். எக்ஸ் குரூப் ஆட்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவில் தனியாக மாதம் 1,400 ரூபாய் குரூப் பே இருந்தது. ஏழாவதில் அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ தகுதி உள்ளவர்களுக்கு 6,200, இல்லாதவர்களுக்கு 3,600 என்று ஆக்கினார்கள். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் வந்தபோது 2014 ஜூலை 1-லிருந்து கணக்கு, பிறகு 2019, 2024 என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தம். அந்த அட்டவணை ரேங்க், குரூப், சர்வீஸ் வருஷம் மூன்றையும் வைத்துத்தான் ஓடுகிறது. எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் விழுந்தால் ஒவ்வொரு திருத்தத்திலும் தப்பான வரியில்தான் காசு வரும், காசு வந்துகொண்டே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தபோதே குடியாத்தம் பக்கத்து ரேடியோ ஃபிட்டர் ஒருவருக்கு அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் பல வருஷமாக எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவர். எனக்கு நல்லவேளை எக்ஸ் என்றே இருந்தது.

இரண்டாவது தடவை போனது ஒரு திங்கட்கிழமை, போயிருக்கக் கூடாது. பெஞ்ச் ஒன்றுதான், நான்கு பேர் உட்காரலாம், அன்று பதினோரு பேர். அதில் மூன்று பேர் கம்மவான்பேட்டைக்காரர்கள்; வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்களே, அந்த ஊர். மேலே ஆஸ்பெஸ்டாஸ். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நோட்டில் பெயர் எழுதிவிட்டு உட்கார வேண்டும். ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு மணிக்குத்தான் திறக்கிறார். நடுவில் ஒருத்தர், அணைக்கட்டு பக்கத்திலிருந்து வந்தவர், ஒரு பை இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், வரிசையில் முன்னால் விடுவார் என்று நினைத்திருப்பார். கத்தரிக்காய் உள்ளே போனது, ஆள் வரிசையிலேயே இருந்தார். அந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அவரிடம் அதுவும் செல்லவில்லை.

அன்றைக்குக் காத்திருந்த நேரம் வீண் போகவில்லை என்பதற்கு ஒரு பையன் காரணம். பன்னிரண்டாவது முடித்தவன், விமானப்படைக்கு நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கிற அக்னிவீர் வாயு திட்டத்துக்கு விண்ணப்பம் போட வந்திருந்தான். ஒரு பக்கம் அவர் இரண்டு விரலால் டைப் அடிக்கிறார், மறுபக்கம் பாடம். "டெக்னிக்கல் டிரேடு வேணும் அங்கிள்" என்றான் பையன். "நீ கேக்கறதுக்கு அது ஓட்டல் இல்லப்பா" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் எந்த டிரேடில் எந்த ரேங்கில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அது எஸ்டாப்ளிஷ்மென்ட். உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஸ்ட்ரெங்த். ரெக்கார்டு ஆபீசின் பாதி வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஓட்டையை அடைப்பதுதான். இந்த மாதம் யார் ஓய்வு பெறுகிறார், யார் நீட்டிப்பு கேட்டிருக்கிறார், டிரெயினிங்கில் இருக்கிற பேட்ச் எப்போது வெளியே வரும், எந்த ஸ்டேஷனில் எலக்ட்ரிக்கல் ஃபிட்டர் குறைகிறார் என்று பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, 1933 ஏப்ரல் 1-ல் தொடங்கியபோதே ஆறு ஆபீசர்கள், ஹவாய் சிப்பாய் என்று அழைக்கப்பட்ட தரைப் பணியாளர்கள் 19 பேர், நாலு விமானம். பறக்கிறவனைவிடத் தரையில் நிற்கிறவன் எப்போதும் அதிகம் என்றார். பையனுக்குப் புரிந்ததோ இல்லையோ, பெஞ்சில் இருந்த ஆர்மிக்காரர்கள்கூட வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். டி.வி.யில் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் எல்லாரும் பேசியது 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29 ஆகிவிட்டது என்று விமானக் கணக்குதான். விமானம் மியூசியத்தில் நிற்கும் சரி, அதன் ஆர்-25 என்ஜினைத் தடவியே கோளாறு சொல்லப் பழகிய ஃபிட்டர் எங்கே போவான்? அவனை இன்னொரு விமானத்துக்குப் படிக்க அனுப்ப வேண்டும், அங்கே அவனைவிட வயதில் சின்னவன் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவன் திரும்பவும் ஃபார்ம் 700-ல் தன் பொறுப்பில் கையெழுத்துப் போடுகிற நிலைக்கு வர வேண்டும். ஃபார்ம் 700 என்றால் விமானத்தின் சர்வீசிங் பதிவேடு, அதில் நாம் போடுகிற கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுகிறார். அந்தக் கையெழுத்துக்கு என்னைத் தயார் செய்ய விமானப்படை சில வருஷம் செலவழித்தது, ஆனால் என்னை 20 வருஷம் வைத்துக்கொள்ளும் கணக்கில்தான் செலவழித்தது. அக்னிவீருக்கு நாலு வருஷம். அதில் டிரெயினிங்கைக் கழித்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்? 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்கள் கிளம்ப வேண்டும். 2022 டிசம்பரில் சேர்ந்த முதல் வாயு பேட்சுக்கு 2026 கடைசியில் நாலு வருஷம் முடிகிறது. கணக்குப் போட்டவர்கள் கணக்கு எப்படி என்று அப்போது பார்க்கலாம்.

கடைக்காரர் பையனிடம் இதையும் மறைக்கவில்லை. முதல் வருஷம் மாதம் 30,000, அதில் கையில் 21,000, மிச்சம் 9,000 சேவா நிதிக்குப் பிடிப்பு. நாலாவது வருஷம் 40,000. பிடித்ததோடு அதே அளவு அரசும் போட்டு, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. "வீட்ல அப்பாவையும் வெச்சிக்கினு ஒரு தடவை பேசு" என்றார். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அவர் பேசிக்கொண்டே டைப் அடித்ததில் பையனுக்கு வந்த ஓ.டி.பி. இரண்டு தடவை காலாவதியாகிவிட்டது, போட்டோ சைஸ் ஒத்துவரவில்லை, கடைசியில் பையனே போனில் முடித்துக்கொண்டான். ஆட்சேர்ப்பு விண்ணப்பத்துக்கு இந்தக் கடைக்குப் போகாதீர்கள். யோசனை கேட்க வேண்டுமானால் போங்கள்.

மூன்றாவது தடவை மனைவியையும் அழைத்துப் போனேன், கடைக்காரர்தான் வரச் சொன்னார். ஜோடி போட்டோ வேண்டும், அஃபிடவிட்டில் கையெழுத்து வேண்டும், அதைவிட முக்கியமாக அவளிடமே பெயரைக் கேட்க வேண்டும் என்றார். "உங்கப்பா வெச்ச பேரு இன்னாம்மா? ஸ்கூல்ல எழுதினது எப்படி?" என்று அவளிடம் கேட்டு, பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். ஆதாரில் லட்சுமிக்கு ட், பேங்கில் க்ஷ். விஜயா போதாதென்று லட்சுமிக்கும் இரண்டு அவதாரம். முதலில் பேங்கை ஆதாருக்கு மாற்றுங்கள், அப்புறம் ஆதார் எழுத்துப்படி ஃபைலை அனுப்பலாம், இல்லாவிட்டால் திருத்தத்தைத் திருத்த இன்னொரு தடவை வருவீர்கள் என்றார். நானாகப் போயிருந்தால் நேராக ஸ்பார்ஷில் போய் முட்டியிருப்பேன்.

அரியர் வருமா என்று நடுவில் ஒரு கேள்வி போட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "வாரண்ட் சார், அரியர் உங்களுக்கு. இது அவங்களுக்கு. இது முடியட்டும்" என்றார். என் காலத்துக்குப் பிறகு அவளுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், ஆரம்ப வருஷங்களில் கூடுதல் விகிதத்தில் 50. அதாவது ஏழு வருஷம், அல்லது நான் இருந்திருந்தால் எனக்கு 67 வயது ஆகும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. அவர் இதைத் தாளில் எழுதி, எனக்குக் கொடுக்காமல் அவள் பக்கம் தள்ளினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் பென்ஷன் விவரத்தை யாரும் அவளிடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவரும் தப்பு செய்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஃபிடவிட்டில் அவள் பிறந்த வருஷத்தை 1971-க்குப் பதில் 1977 என்று அடித்துவிட்டார். நான் கவனிக்கவில்லை, கையெழுத்துப் போடவே பேனாவைத் திறந்துவிட்டேன். அவள்தான், "பத்தாவது படிக்கிற பொண்ணையா இவர் கட்டிக்கினாரு?" என்றாள். கடையே சிரித்தது, அவர் முகம் மட்டும் சுண்டிவிட்டது. மறுபடி அடித்ததற்குக் காசு வாங்கவில்லை, ஆனால் ஸ்டாம்ப் பேப்பர் என் காசு. ரசீதும் கொடுப்பதில்லை. போன் நம்பர் கேட்டால் தர மாட்டார், என்ன ஆயிற்று என்று தெரிய நேரில்தான் போக வேண்டும், ஆற்காட்டிலிருந்து வருகிறவனுக்கு அது ஒரு நாள் வேலை.

கிளம்பும்போது அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹேங்கரில் வேலை முடிந்ததும் டூல் போர்டில் ஸ்பேனர் ஒவ்வொன்றையும் எண்ணி அதனதன் நிழல் படத்தில் மாட்டுவோம். ஒன்று குறைந்தால் விமானம் நகராது, ராத்திரி எத்தனை மணியானாலும் தேட வேண்டும். அவரும் அப்படித்தான், "வாங்கின ஒரிஜினல் ஏழு, தர்றது ஏழு, எண்ணிப் பாத்துக்கோங்க" என்று மேசையில் வரிசையாக வைத்தார். முன்பு போன பிரவுசிங் சென்டரில் ஸ்கேனர் மூடிக்குள்ளேயே யாரோ ஒருத்தருடைய ஆதார் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

இப்போதைக்கு நிலவரம்: பேங்க் பெயர் மாறிவிட்டது, என் பெயரும் விலாசமும் சரியாகிவிட்டது, மனைவி பெயர் ஃபைல் சுப்ரோதோ பார்க்கில் ஏர் வெட்டரன்ஸ் பிரிவுக்கு ஸ்பீட் போஸ்டில் போயிருக்கிறது. ஸ்பார்ஷில் இன்னும் விஜயாதான். மாறியதும் இங்கேயே எழுதுகிறேன்.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, கணவன் மனைவி இருவர் ஆதார், பேங்க் பாஸ்புக், மனைவியின் பள்ளிச் சான்று, ஜோடி போட்டோ நான்கு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆயுள் சான்று கொடுக்க மட்டும் என்றால் நவம்பரில் அங்கே போகவே வேண்டாம், கூட்டம் ரோடு வரை நிற்கும். அதை வீட்டிலிருந்தே போனில் முகத்தைக் காட்டி முடிக்கலாம், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே எடுத்துக்கொள்வார்கள். திங்கள் வேண்டாம். காலை பத்துக்கு முன்னால் நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். ஜிபே வாங்குவதில்லை, சில்லறையாக எடுத்துப் போங்கள், 500 ரூபாய் நோட்டை நீட்டினால் எதிர் டீக்கடைக்கு உங்களையேதான் அனுப்புவார்.